அப்பா ஏறும் வண்டிக்கு டயர்

கனடாவின் எட்மண்டனில் அக்டோபர் பிறந்துவிட்டால் யாரும் நலம் விசாரிப்பதில்லை. "டயர் மாற்றியாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். அலுவலக லிஃப்டில், மளிகைக் கடையில், கோயில் பிரசாத வரிசையில்கூட இதே கேள்வி. ஐப்பசியில் எங்கள் மன்னார்குடிப் பக்கம் நடவு முடிந்ததா என்று கேட்பதைப் போல. நன்றாக ஓடுகிற டயரைக் கழற்றி வைத்துவிட்டு பனிக்காலத்துக்கென்று வேறு டயர் மாட்டுவது எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

இந்த முறை நானே முந்திக்கொண்டேன். டிசம்பரில் அப்பா முதன்முறையாக வருகிறார். ஊரில் அவர் என் தம்பி செந்திலோடு இருக்கிறார். செந்தில் ஒரு எஸ்யூவி வாங்கி, சஸ்பென்ஷனை உயர்த்தி, அகல டயர் மாட்டி, முன் சீட்டில் அப்பாவை உட்காரவைத்து ஒரத்தநாடு, முத்துப்பேட்டை என்று சுற்றுகிறான். வாரம் தவறாமல் போட்டோ வரும். எல்லாவற்றிலும் அப்பா சிரிப்பார். வீடியோ காலில் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். வீட்டில் முதலில் கார் வாங்கியவன் நான். அப்பா என் முன் சீட்டில் சிரிக்கிற ஒரே ஒரு போட்டோவைச் செந்திலுக்கு அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒலெனா என்ற உக்ரேனியப் பெண்மணியின் மெக்கானிக் ஷாப்புக்குப் போனேன். தம்பி வண்டியின் படத்தைக் காட்டி, இதைவிட உயரமும் இதைவிட அகல டயரும் வேண்டும் என்றேன். சேற்றில் இறங்கும் டிராக்டருக்கு நாங்கள் அகலமான இரும்புச் சக்கரம் மாட்டுவோம், புதையாது என்று விளக்கமும் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் தலையாட்டி மறுத்தார். அகல டயர் பனிமேல் மிதக்குமாம். ஒடுங்கிய டயர்தான் பனியை அறுத்துக்கொண்டு தரையைப் பிடிக்குமாம். ரப்பரும் குளிரில் இறுகாத ரகமாக வேண்டுமாம்.

"யார் ஏறப்போகிறார்கள்?"

"அப்பா. அவருக்கு முட்டி வலி."

"பிறகு ஏன் உயர்த்தச் சொல்கிறீர்கள்?"

தம்பி வண்டி உயரம் என்பதால் என்று ஆங்கிலத்தில் சொல்லக் கூசியது. ஊரில் செந்தில் அவரைக் கைகொடுத்துத்தான் ஏற்றுகிறான் போலும் என்று அப்போதுதான் தோன்றியது. அதற்கும் பொறாமைப்பட்டேன். தேய்ந்த ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றிக்கொண்டு, ஒல்லியான குளிர்கால டயரோடு திரும்பினேன்.

அப்பா வந்த அன்றே பனி கொட்டியது. விமான நிலையச் சாலையோரப் பள்ளத்தில் பெரிய பெரிய வண்டிகள் சாய்ந்து கிடந்தன. எங்கள் வண்டி அலுங்காமல் போனது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த அப்பா மெல்ல விரலைத் தளர்த்தினார்.

"வழுக்கவே இல்லையேடா பெரியவனே" என்று சொல்லிச் சிரித்தார். அந்தப் போட்டோச் சிரிப்பேதான். என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

வீட்டு கராஜில் நிறுத்தியதும் சிரமமில்லாமல் இறங்கினார். மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த கோடை டயர்களைத் தடவிப் பார்த்தார்.

"இது ஏன் சும்மா கிடக்கு?"

"ஏப்ரல்ல மாட்டணும்ப்பா. இங்க ரெண்டு செட் வேணும்."

"நல்லாத்தானடா இருக்கு. சின்னவன் வண்டிக்கு ஆகுமா பாரு. மழை பேஞ்சா வயலுக்குப் போக ரொம்பக் கஷ்டப்படுறான், பாவம்."

பெட்டிகளை இறக்கினேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா அந்த டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தார், ஊருக்குப் போகிற சாமானுக்குக் காவல் இருப்பவரைப்போல. முன் சீட்டின் கதவு திறந்தே கிடந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். போட்டோ எடுத்தேன். செந்திலுக்கு இன்னும் அனுப்பவில்லை.