கட்டைவிரல் பள்ளம்

கட்டைவிரல் போய் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. அவன் வாசிப்பதை நிறுத்தினான்.

கிட்டாரின் தலைப்பகுதியில் துண்டு சுற்றியிருந்தது. எந்தக் கிட்டாரையும் அப்படித்தான் சோதிப்பான். பேரைப் பார்த்துவிட்டால் காது பொய் சொல்லும் என்பது அவன் கட்சி. பதினோரு வருடமாக, ஒரு இசைக்கருவிக் கடையின் இறக்குமதிக் கிடங்கில், இந்த மேஜையில் அவனுக்கு வேலை இதுதான். கம்பி உயரத்தை இரும்பு அளவுகோலால் பார்ப்பான். வீணையின் மெட்டு மாதிரி கழுத்தின் குறுக்கே பதித்த ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் அழுத்தி, எங்காவது இரைகிறதா என்று கேட்பான். கடைசியில் பச்சை ஸ்டிக்கர், அல்லது சிவப்பு. சிவப்பு என்றால் சரக்கு வந்த வழியே திரும்பிப் போகும்.

கிட்டாரின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். ஐந்தாவது ஃப்ரெட்டுக்குப் பின்னால், மேல் ஓரமாக, மரம் குழிவாக இழைக்கப்பட்டிருந்தது. வேறு எவன் விரலும் அங்கே நிற்காது. அவனுடையது நிற்கும். சின்ன வயதில் வேன் கதவில் நசுங்கி, கோணலாக ஒட்டிக்கொண்ட விரல். அதற்காகவே தன் பழைய கிட்டாரின் கழுத்தை உடைந்த கண்ணாடித் துண்டால் மூன்று நாள் சுரண்டியிருந்தான்.

துண்டை அவிழ்த்தான். தங்க நிறத்தில் கையெழுத்து: மைனர்.

மைனர் அவன் மனைவியின் அண்ணன். பதினேழு வருடத்துக்கு முன் இருவரும் ஒரே குழுவில் வாசித்தார்கள். ஒரே ஒரு கச்சேரிக்கு என்று, சுரண்டிய அந்தப் பழைய கிட்டாரை வாங்கிப் போனான் மைனர். பிறகு அவனுக்குப் பேர் வந்தது, போஸ்டர் வந்தது. கிட்டார் வரவில்லை.

இது அந்தப் பழையதை நகலெடுத்து, மைனர் பேரில் கம்பெனி போட்ட புது மாடல். பெட்டிக்குள் ஒரு வழவழப்பான விளம்பர அட்டை இருந்தது. 'இந்தக் கழுத்தை நானே இழைத்தேன். மூன்று நாள், ஒரு கண்ணாடித் துண்டு.'

வீட்டில் மனைவியிடம் அட்டையைக் கொடுத்தான். வெங்காயம் நறுக்கிக்கொண்டே படித்தாள்.

“பள்ளிக்கூடத்துல இவனுக்குப் பென்சில் சீவிக் குடுத்ததே நான்தான். இவன் மரம் இழைச்சானாம்.”

“வெள்ளிக்கிழமை கடைக்கு வரான். கஸ்டமருங்க முன்னாடி வாசிச்சுக் காட்டப் போறானாம்.”

“வரட்டும். நம்ம கல்யாணத்துக்கு ஏன் வரல தெரியுமா? நீங்க கிட்டாரக் கேட்டுடுவீங்களேன்னுதான்.” கத்தியைக் கீழே வைத்தாள். “சும்மா விடாதீங்க.”

“உன் அண்ணன்டி.”

“அதனாலதான் சொல்றேன்.”

மறுநாள் மீதிப் பெட்டிகளைப் பிரித்தான். மொத்தம் இருபத்திநாலு. குறை கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தான். கம்பி உயரம் சரியாக இருந்தது. ஃப்ரெட் ஓரங்கள் விரலைக் கீறவில்லை. சுருதி பிசகவில்லை. ஒவ்வொன்றாகப் பச்சை ஒட்ட வேண்டியதாயிற்று. இருபத்திமூன்றிலும் அவனுடைய பள்ளம்.

ஒன்றாம் நம்பர் பெட்டியில் மட்டும் 'மைனர் சாருக்கு' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. துண்டைக் கட்டி எடுத்து வாசித்தான். பள்ளம் இல்லை. சாதாரணமான, தடித்த கழுத்து. இன்னொரு தடவை தடவிப் பார்த்தான். பள்ளம் வைத்த, தன் பேர் போட்ட கிட்டாரை மைனரால் வாசிக்க முடியாது; அதற்குத்தான் இந்தத் தனிக் கழுத்து.

மாதிரியோடு ஒத்துப்போகாத சரக்குக்குச் சிவப்பு. அது கிடங்கின் விதி. ஒன்றாம் நம்பரில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, நாலு மூலையையும் அந்தக் கோணல் விரலாலேயே தேய்த்தான். படிவத்தில் 'கழுத்து வேறு' என்று எழுதினான். முதலாளியம்மா வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பெட்டி, திருப்பி அனுப்பும் கம்பிக்கூண்டுக்குள் போனது. பூட்டினான்.

வெள்ளிக்கிழமை கடையில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். ஏழாம் நம்பரைக் கொண்டுபோய் மேடையில் வைத்தான். மைனர் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து, வேகமாக ஆரம்பித்தான். கட்டைவிரல் பள்ளத்தில் வழுக்கியது. மணிக்கட்டு திரும்பியது. இரண்டு கம்பிகள் ஊமையாகிவிட்டன. மறுபடி ஆரம்பித்தான். மறுபடி வழுக்கியது. மெதுவான ஒன்றுக்கு மாறினான். அதிலும் நெற்றி வியர்த்தது.

முன்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் கையைத் தூக்கினாள். “சார், பின்னாடி இருக்குற அந்தப் பள்ளம் எதுக்கு?”

“கட்டைவிரல் வெக்கிறதுக்கு.”

“உங்க விரல் அதுல நிக்க மாட்டேங்குதே.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மைனர் பின்னால் திரும்பினான். ஸ்பீக்கர் பக்கத்தில் துண்டும் கையுமாக நின்றவனை அப்போதுதான் பார்த்தான். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான்.

“மாப்ள, ஒண்ணாம் நம்பர் எங்க?”

“ஃபெயிலு மச்சான். நெக் வேற மாதிரி இருந்துச்சு.”

“விளையாடுறியா?”

“ரூலு.”

“இப்ப மனசு குளிர்ந்துச்சா?”

“பாதி. இத இழைச்சது யாருன்னு மைக்குல சொல்லு. கூண்டத் தெறந்து நானே கொண்டாந்து தரேன்.”

மைனர் மைக்கிலிருந்து கையை எடுத்தான். வாயைத் திறந்தான். சொல்லிவிடுவான் போலத்தான் இருந்தது.

“ஒயர்ல ஏதோ கோளாறு,” என்றான். கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவன் வழக்கம்போலக் கிடங்கைத் திறந்தான். முன்பதிவு செய்திருந்த பதினெட்டு பேரில் பதினாறு பேர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இருபத்திமூன்றையும் திருப்பி அனுப்பச் சொன்னார் முதலாளியம்மா. பச்சை ஸ்டிக்கர்களைச் சூடு காட்டி உரித்தான். சிவப்பு ஒட்டினான். காரணம் என்ற கட்டத்தில் 'பள்ளம் சாதாரணக் கைக்குப் பொருந்தாது' என்று இருபத்திமூன்று படிவங்களில் எழுதினான். மத்தியானம் மனைவி போன் செய்தாள். அண்ணன் ஆறு தடவை கூப்பிட்டான், தான் எடுக்கவில்லை என்றாள். நாலு மணிக்கு லாரி வந்தது. ஒன்றாம் நம்பரையும் சேர்த்து ஏற்றினார்கள்.