படிக்கட்டில் ஒரு பந்தி

அப்பாவின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டைப் படிக்கட்டில்தான் பரிமாறினோம். லா சப்பலில் எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பெரிய கூடம் பூட்டிக் கிடக்கிறது. அதன் திறப்பு குடியிருப்பாளர் சங்கத் தலைவரிடம். கறி மணக்கும், தரமுடியாது என்றார் அந்த வெள்ளைக்காரக் கிழவர். புறநகர்களான திரான்சியிலிருந்தும் லெ பிளாங்-மெனிலிலிருந்தும் வந்த சனம் ஆளுக்கொரு படியில் குந்தி, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டது. கிழவர் அவர்களைத் தாண்டி மேலே போனார், பிரெஞ்சில் ‘பர்தோன்’ என்று ஒரு மன்னிப்புக்கூடக் கேளாமல்.

இந்த ஆளைக் கதிரையிலிருந்து இறக்கி, அப்பாவின் ஆண்டுத் திவசத்தை அதே கூடத்தில் செய்யாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சங்கத் தேர்தல் வருவதும் போவதும் ஒருவருக்கும் தெரியாது. லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுவார்கள், பத்துப் பேர் வாக்களிப்பார்கள், கிழவர் வெல்வார். மூன்றாம் மாடி மாலி நாட்டுக்காரப் பெண்ணுக்கும் அவளது பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூடம் கிடைக்கவில்லை. கிழவரை எதிர்த்து அவளை நிற்கச் சொன்னேன், சம்மதித்தாள். பிறகு வீடு வீடாக ஏறினேன்.

நாலாம் மாடி அண்ணை உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். கதவைப் பாதிதான் திறந்தார்.

“எங்களுக்கு இஞ்சை வோட்டு இல்லைத்தானே, தங்கச்சி.”

“இதுக்குப் பாஸ்போட் கேக்க மாட்டினம் அண்ணை. வாடகைக் கடுதாசியிலை பேர் இருந்தாச் சரி.”

“ஞாயிறு ஒருநாள்தான் நான் நித்திரை கொள்ளுறது.”

“கொள்ளுங்கோ. நாளைக்கு உங்கட வீட்டிலை ஒரு செத்தவீடெண்டாலும் படியிலைதான் சோறு.”

சொல்லக்கூடாத சொல்தான். ஆனால் அண்ணை வருவதாகச் சொன்னார்.

ஆளுக்கொன்றாகப் பெயர் அச்சடித்து வீட்டுக்கு வந்த இரண்டு வாக்குத்தாள்களில் கிழவரின் பெயருள்ளதைக் கிழித்துப்போட்டு, மற்றதை உறைக்குள் வைத்துக் கொண்டுவரச் சொன்னேன். “பேனையைத் தொட்டிடாதேங்கோ. ஒரு புள்ளி வைச்சாலும் செல்லாது.” ஒவ்வொரு வாசலிலும் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்திலேயே எண்ணினார்கள். கிழவருக்கு முப்பத்தொன்று. எங்கள் ஆளுக்கும் முப்பத்தொன்று. ஒன்று செல்லாது. சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கே பதவி என்பது விதி. அந்தக் கட்டிடத்தில் கிழவரைவிட மூத்தது சுவர் மட்டும்தான்.

செல்லாத தாளைக் கிழவர் எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார். மாலிக்காரப் பெண்ணின் பெயருக்கு மேலே, பச்சை மையில், ஒரு பிள்ளையார் சுழி.

பச்சைப் பேனை என் கைப்பையில் இருந்தது. காலையில் அந்தத் தாளைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டது ஞாபகம் இருக்கிறது. வாடகைக் காசோலையிலிருந்து கடைச் சாமான் துண்டுவரை சுழி போடாமல் ஒன்றையும் வெளியே அனுப்பியறியாத கை. எப்போது போட்டதென்றே தெரியவில்லை.

“எங்கட ஆக்களிலை ஆரோ ஒரு அறிவில்லாத மொக்கு,” என்றார் அண்ணை. “ஆரெண்டு தெரிஞ்சா அந்தக் கையை முறிக்கோணும்.”

“ஓம் அண்ணை, முறிக்கத்தான் வேணும்,” என்றேன், மற்றவர்களைவிடச் சத்தமாக.

திவசமும் படிக்கட்டில்தான் நடந்தது. ரூ காய் தெருக் கடையில் வாங்கிய வாழையிலைகள் படியைவிட அகலம். கிழவர் அன்றைக்கும் எங்களைத் தாண்டிப் போனார். இந்தமுறை ‘பர்தோன்’ சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அண்ணைக்கு நான் பருப்பு விட்டபோது, “அந்த மொக்கு ஆரெண்டு தெரிஞ்சுதோ?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லை அண்ணை,” என்று சொல்லி, அதே கையால் இன்னோர் அகப்பை விட்டேன்.