நடுச்சுவர் மேல் போன காற்றுக் குழாய்

என் அண்ணனும் நானும் பேசிக்கொண்டதைவிட அடித்துக்கொண்டதுதான் அதிகம். அப்பா இருந்தவரை எங்கள் இருவரையும் சேர்த்து அவர் அடித்தார். அவர் போன பிறகு அந்த வேலையை நாங்களே பார்த்துக்கொண்டோம். ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ரோட்டை ஒட்டிய லயத்து வரிசை வீடுகளில், அடுத்தடுத்த இரண்டு காம்பராக்களில் குடியிருக்கிறோம். நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரை வரை போகாது. சுவருக்கும் தகரத்துக்கும் இடையே ஒரு முழம் திறந்து கிடக்கும். அவன் வீட்டு இருமல் என் வீட்டில் கேட்கும், என் வீட்டுக் கருவாட்டு வாசம் அவனுக்குப் போகும். ஒருவனை ஒருவன் திட்டுவதற்கு எழுந்து போகத் தேவையில்லை, படுத்துக்கொண்டே திட்டலாம்.

நான் முதலில் கொழும்பில் ஒரு கராஜில் இருந்தேன். முதலாளி கையில் கிடைத்ததை எடுத்து எறிகிற ஆள். ஒருநாள் அவன் எறிந்த ஸ்பேனர் என் முழங்கையில் பட்டு எலும்பு விட்டுப்போனது. கை கூடியதும் அதே ஸ்பேனரால் அவன் காரின் முன்கண்ணாடியை நொறுக்கிவிட்டு பதுளை ரயிலில் ஏறினேன். இனி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. கொழுந்து மலையில் கங்காணியிடம் ஏச்சு வாங்கவும் எனக்கு மனமில்லை. காம்பராவுக்கு முன்னால் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கி, த்ரீவீல் திருத்தவும் பெயின்ட் அடிக்கவும் கடை போட்டேன். இந்தக் கடை போனால் எனக்கு வேறு ஒன்றுமில்லை.

தோட்டத்து ஆபீசுக்குப் போய், மானேஜர் தொரையிடம் அனுமதி கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தவேயில்லை.

"செவுத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. பக்கத்துக் காம்பராக்காரன் ஒரு கம்ப்ளைன் குடுத்தாலும் அன்னிக்கே சாய்ப்பப் பிரிச்சுப்புடுவேன். வெளங்குதா?"

"வெளங்குதுங்க."

பக்கத்துக் காம்பராக்காரன் யார் என்பது அவருக்கும் தெரியும்.

கம்ப்ரசரை முன்னால் வைத்தால் சத்தத்தில் வாடிக்கையாளரிடம் பேச முடியாது. பின்னால், சமையல் குசினிக்கு வெளியே வைத்தேன். அங்கிருந்து சாய்ப்பு வரைக்கும் காற்று வர வேண்டும். சுவரைத் துளைக்கக் கூடாது. அதனால் குழாயை நடுச்சுவரின் தலைமேல், அந்த முழத்து இடைவெளியில் கொண்டுவந்தேன். வாங்கியது தண்ணீருக்குப் போடுகிற பிவிசி குழாய். "காத்துக்கு இரும்புதான் போடணும், இது வெடிச்சா கண்ணாடி மாதிரி செதறும்" என்று ஹாட்வேர் கடைக்காரன் சொல்லத்தான் செய்தான். ஆணியே அடிக்கக் கூடாத சுவரில் இரும்புக் குழாயை எதில் தொங்கவிடுவது? இந்தப் பக்கம் பாதிக் கடைகளில் பிவிசிதான் ஓடுகிறது. வெட்டினேன், பசை போட்டு ஒட்டினேன், கம்பியால் கூரைக் கட்டையோடு சேர்த்துக் கட்டினேன். வால்வைத் திறந்ததும் காற்று சீறிக்கொண்டு சாய்ப்புக்கு வந்தது. முன்பு ஸ்பேனரில் தொங்கிக் கழற்றிய சக்கர நட்டுகள் தடதடவென்று கழன்றன.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் கத்தினான்.

"டேய், என்னடா எந் தலைக்கு மேல சாரைப்பாம்ப விட்டிருக்க?"

"ஒந் தலைக்கு மேல இல்ல. செவுத்து மேல."

"செவுத்துல பாதி எனக்கு."

"அந்தப் பாதிய நான் தொடல. போய்ப் படு."

மறுநாள் பார்த்தால் குழாய் வில்லாக வளைந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வீட்டு அடுப்பு. மழைக்காலம். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவந்த ஈரத் தேயிலை விறகை, மிலாறை, காயவைக்க அடுப்புக்கு மேலே பரண் கட்டியிருந்தான். பரண் கம்புகளின் ஒரு முனையை என் குழாய்மேல் ஏற்றி வைத்திருந்தான். மேலே பாரம், கீழே நெருப்பு. தொட்டுப் பார்த்தேன், குழாய் சூட்டில் இளகியிருந்தது.

முதலில் வாயால்தான் கேட்டேன்.

"அண்ணே, அதுக்குள்ள காத்து நிக்குது. பாரம் ஏத்தாத. வெடிச்சிரும்."

"காத்து வெடிக்குமாடா? ஒண்ணுமில்லாதத பைப்புல அடைச்சு வச்சிக்கிட்டு ஊர ஏமாத்துற."

அண்ணி உள்ளேயிருந்து சிரித்தாள். "காத்த வித்துத் திங்கிற மொத ஆளு எங்க கொழுந்தன்தான்."

நான் மிலாறை அள்ளி அவன் வாசலில் வீசினேன். அவன் அதிலேயே ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். இஸ்தோப்புத் திண்ணையில் உருண்டோம். என் மூக்கு உடைந்தது. அவன் தலையை நிலைக்காலில் மோதினேன். அவன் என் தோளைக் கடித்தான், பல்தடம் இன்னும் இருக்கிறது. லயமே நின்று பார்த்தது. யாரோ ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து எங்கள் மேல் ஊற்றினார்கள், நாய்களுக்கு ஊற்றுவதுபோல.

சாயங்காலம் மிலாறு திரும்பவும் குழாய்மேல் ஏறிவிட்டது. அவன் சுவருக்கு மேலே முகத்தைக் காட்டிச் சொன்னான்: "இனி கை வச்சா ஆபீசுக்குப் போவேன். ஒரு வார்த்த போதும்."

என் வாயை அப்படி அடைத்தான். குழாயை வேறு பக்கம் மாற்ற வழியில்லை. காற்றில்லாமல் கடையும் இல்லை. நான் பேசாமல் இருக்க இருக்க அவன் கட்டைகளைக் கூட்டிக்கொண்டே போனான்.

ஒருநாள் காலை, கம்ப்ரசர் நிரம்பிக்கொண்டிருந்தது. அவன் பலகை மேல் ஏறிப் பரணிலிருந்து விறகு இழுத்திருக்கிறான். கல்லுமலையில் வெடி வைத்ததுபோல ஒரு சத்தம். லயத்துத் தகரம் முழுக்க அதிர்ந்து கரி கொட்டியது. குழாயின் வெள்ளைச் சில்லுகள் சுவரில் குத்தி நின்றன, சோற்றுப் பானையில் கிடந்தன, அவன் கன்னத்திலும் கழுத்திலும் ஏறியிருந்தன. ஒரு காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அண்ணி அலறினாள். அவன் அலறவில்லை. கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

நான் டயர் நெம்பும் கம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். வந்திருந்தால் அடித்திருப்பேன். அவனால் நேராக நடக்க முடியவில்லை. காது போனதில் தலை சுற்றி, சாய்ப்பு வாசலிலேயே குப்புற விழுந்தான். கத்தியைக் காலால் தள்ளிவிட்டு, அவனைத் தூக்கி, திருத்த வந்திருந்த ஒரு த்ரீவீலில் போட்டு ஓட்டினேன். பதுளை ஆஸ்பத்திரி வரைக்கும் என் முதுகுக்குப் பின்னால் சீட்டை உதைத்துக்கொண்டே வந்தான்.

சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தட்டில் போட்டார்கள். காதுச் சவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிப் போலீஸ்காரர், சிங்களவர், வந்து கேட்டுப் பழகிய தமிழில் சத்தமாகக் கேட்டார்: "யார் அடிச்சது?" நான் கட்டில் காலடியில் நின்றேன். அவன் வாயைத் திறந்தால் சாய்ப்பு போகும், நான் உள்ளே போவேன்.

அவன் என்னைப் பார்த்தான்.

"யாரும் அடிக்கல சார். அடுப்புல மூங்கி வெடிச்சிருச்சு."

போலீஸ்காரர் தட்டைப் பார்த்தார். "வெள்ளை மூங்கிலா?"

"எங்க தோட்டத்துல அப்பிடித்தான் சார்."

அவர் என்னை ஒருமுறை, அவனை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, பஸ் ஸ்டாண்டில், காதில் கட்டோடு என்னை ஓங்கி அறைந்தான்.

"ஒன்ன அவனுங்ககிட்ட பிடிச்சுக் குடுக்கவாடா இத்தன வருசமா ஒங்கூட அடிச்சிக்கிட்டுக் கெடக்கேன்? ஒன்ன நாந்தான்டா அடிப்பேன். போலீசு, தொர எவனும் தொடக்கூடாது."

நானும் ஒன்று கொடுத்தேன், கட்டுப் பக்கம் படாமல் நெஞ்சில். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பிரித்துவிட்டார்கள்.

இப்போது இரும்புக் குழாய் போட்டிருக்கிறேன். காம்பராவுக்குள்ளேயே வராது. என் வீடு லயத்தின் கடைசி வீடு, அந்த ஓரத்துச் சாக்கடைக் கான் பக்கமாகத் தரையில் கம்பம் நட்டு, எந்தச் சுவரையும் தொடாமல் முன்பக்கம் வருகிறது. முதலிலேயே ஏன் இப்படிப் போடவில்லை என்று எவனாவது கேட்டால் பல்லை உடைப்பேன். அண்ணனின் ஒரு காது திரும்பவில்லை. கம்ப்ரசர் ஓடும்போது அவன் நல்ல காதைத் தலையணையில் அமுக்கிப் புரண்டு படுப்பது எனக்குக் கேட்கும். ஆபீசுக்கு அவன் போகவில்லை, போகவும் மாட்டான்.

கம்பத்துக்குக் கம்பம் நீளமாக இரும்பு கிடப்பதைப் பார்த்துவிட்டு ஈரக் கம்பளியைக் கொண்டுவந்து அதில் காயப்போட்டான். நேற்று அதற்குத்தான் அடித்துக்கொண்டோம்.