மஞ்சள் தடவிய ஸ்வெட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் ஆட்டுத்தலை வாட்டுகிறார்கள். முடி கருகும் வாடை மாடிவரை ஏறி வரும். ஜன்னலைச் சாத்துவேன். சாத்திய பிறகும் அறைக்குள் இருக்கும். வீட்டில் மற்றவர்களுக்கு அது தலைக்கறி வாசம். எனக்கு அது ஓசூர். எண்பதுகளின் பின்பாதி, ஒரு மார்கழி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையில் கொட்டிக் கிடந்த பழைய துணிக் குவியல், அதன் முன்னால் குந்தியிருக்கிற என் தம்பி.

நாங்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆட்கள். வெயிலைத் தவிர வேறு சொத்தில்லாத ஊர். அங்கே போர்வை என்பது கொசுவுக்கு. அம்மா முன்பே போய்விட்டாள். அப்பாவும் செத்துப்போன வருஷம்தான் எனக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் அசெம்பிளி வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் தம்பியைக் கூட்டிக்கொண்டேன். ஒரு சின்ன ஷெட்டில் இரும்புத் தகடு வெட்டும் கேஸ் கட்டிங் வேலை பழகினான். மத்திகிரியில் மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வாடகைக்கு. விடிகாலைப் பனி சாணி வாசத்தோடு எழுந்து வந்து கதவிடுக்கில் நுழையும். குளிர் எங்களுக்குத் தெரியாத பாஷை. தெலுங்குகூட மூன்று மாதத்தில் கொஞ்சம் பிடிபட்டது, குளிர் பிடிபடவில்லை.

குவியல் போட்டிருந்த கடைக்கார அம்மா தமிழில் கூப்பிட்டு, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் விலை சொல்லுகிறவர். எல்லாம் பெங்களூரிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் வெளிநாட்டுப் பழசு. நான் ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன்.

"என்னம்மா மோந்து பாக்கறே, கொழம்பா?" என்று பிடுங்கிக்கொண்டார்.

ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டினார். கருகியது, தானே அணைந்தது. ஆட்டுத்தலை வாட்டும் வாடை. தம்பியின் விரலைப் பிடித்து அந்தக் கரியை நசுக்க வைத்தார். பொடியாகப் போயிற்று. இன்னொரு ஸ்வெட்டரின் நூல் சுருண்டு, உருகி, கறுப்பு முத்தாக இறுகி நின்றது. அதை நசுக்க முடியவில்லை.

"தூளானா ஆடு. உருண்டா கம்பெனி நூலு," என்றார். "ஆட்டு முடி பத்து பேரு போட்டாலும் தாங்கும், கடைசில மண்ணு திங்கும். இத மண்ணுகூட திங்காது."

தம்பிக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. குவியலைக் கிளறி, நூல் நூலாகக் கொளுத்தி, ஒரு தீப்பெட்டியைக் காலி செய்து, சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். முழங்கை இரண்டும் தேய்ந்திருந்தன. என்னிடமிருந்த பச்சை நூலால் இழையோட்டிக் கொடுத்தேன். "எந்தச் சீமைக்காரனோ பாதியில விட்டுட்டுப் போன நடுக்கத்த நான் நடுங்கி முடிக்கிறேன்க்கா" என்பான். ஷெட்டில் அதன்மேல் பொறி விழும். கம்பளி கருகும், தட்டினால் உதிரும், சின்னதாக ஓட்டை மிஞ்சும். அவ்வளவுதான். ஓட்டைகளை எண்ணிக் காட்டுவதில் அவனுக்கு ஒரு பெருமை.

கொடியில் அது காய்வதை ஒருநாள் வீட்டுக்கார அம்மா பார்த்தார். பெங்களூர் ஆஸ்பத்திரிகளில் செத்தவர்கள் மேலிருந்து கழற்றுவதுதான் இப்படி மூட்டை கட்டி வருகிறது என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார்.

"ஒத்தத் தம்பி வெச்சிருக்கே. செத்தோரு துணிய அவன் மேல போடறியே, நல்லதாம்மா?"

நான் சிரித்தேன். பதினொன்றாவது வரை படித்தவள் அல்லவா. அந்தச் சிரிப்பு எங்கள் கதவுவரைதான் வந்தது. அதற்குப் பிறகு அவன் தும்மினால் பயம். காலையில் அவன் அதைத் தலைவழியாக மாட்டும்போது, ஒரு நொடி முகம் மறையும் பாருங்கள், அந்த ஒரு நொடி எனக்குத் தாங்கவில்லை. வேறு யாரோ அதற்குள்ளிருந்து தலை நீட்டிவிடுவார்களோ என்று இருக்கும்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் சைக்கிளில் வந்த ஒரு முற்பகல், தம்பி வேலைக்குப் போயிருந்தான். அன்று அவன் அதைத் துவைத்துப் போட்டுவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு போயிருந்தான். என் இரண்டு சேலைகளையும் பாத்திரக்காரர் விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் கொடியிலிருந்து ஸ்வெட்டரை உருவிக் கொடுத்தேன். ஈரம் முழுக்கப் போகவில்லை. அவர் இழுத்துப் பார்த்தார், சைக்கிளில் தொங்கிய ஒரு எவர்சில்வர் தூக்கைக் கழற்றித் தந்தார். மறுநாளிலிருந்து தம்பியின் மதியச் சோறு அதில்தான் போயிற்று.

கொடியில் கிடந்தது, காணோம், யாரோ எடுத்துவிட்டார்கள் என்றேன். நம்பினான். நான் சொல்லி அவன் எதைத்தான் நம்பவில்லை? பண்ணைச் சாலையில் எதிரே வருகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டு மார்பைப் பார்த்தபடி ஒரு வாரம் நடந்தான்.

பொங்கலுக்கு முன்னால் கடையில் புதுசாக ஒன்று வாங்கினேன். நீலம். பளபளப்பு. கண்ணாடித்தாள் உறை. தம்பி தடவிப் பார்த்தான், ஓரத்தைத் திருப்பி நூல் முனையைத் தேடினான். ஒரு இழை உருவிக் கொளுத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டான்.

"புதுத்துணிக்கு மஞ்சள்தான்டா வைப்பாக. நெருப்பா வைப்பாக?" என்றேன்.

எங்கள் வழக்கப்படி மஞ்சளைக் குழைத்து அதன் கீழோரத்தில் தடவினேன். பெரியவர்கள் யாரும் இல்லாத வீட்டில் நானே பெரியவளாக நின்று நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அது என்ன நூல் என்று எனக்குத் தெரியாதா? குவியல் முன்னால் நானும்தானே குந்தியிருந்தேன். தெரிந்தும் தெரியாமலும் இருக்க மனசுக்கு ஒரு வித்தை உண்டு. மஞ்சள் வாசம் எனக்குப் போதுமாக இருந்தது.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். முதல் ஷிப்ட். ஷெட்டின் தகரக் கூரை பனியில் சொட்டிக்கொண்டிருந்ததாம். குளிருக்குப் புது ஸ்வெட்டரைக் கழற்றாமலேயே வேலையில் நின்றிருக்கிறான். தகட்டிலிருந்து உருகிய இரும்புத் துளி ஒன்று வலது கைமேல் விழுந்திருக்கிறது. பழக்கத்தில் தட்டியிருக்கிறான். உதிரவில்லை. நீலம் பற்றிக்கொண்டு உருகி, தட்டிய உள்ளங்கையிலும் ஒட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோலோடு தோலாக இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். தட்டில் விழும்போது சின்னச் சத்தம் கேட்டது. கறுப்பு முத்துகள். இறுகிப்போனவை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி என்னிடம், "நீ வெளிய போக்கா, ஒனக்கு மயக்கம் வரும்" என்றான். கை அவனுடையது.

புண் ஆறியது. வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்கவில்லை. தகடு வெட்டும் கேஸ் டார்ச்சைப் பிடித்தால் நழுவியது. ஆறின பிறகு வா என்ற ஷெட்டுக்காரர், புண் ஆறி அவன் திரும்பப் போனபோது அந்த இடத்தில் வேறு ஆளை நிறுத்தியிருந்தார். ஊரில் சித்தப்பாவின் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்கலாம் என்று கடிதம் வந்தது.

கிருஷ்ணகிரிவரை கூடப் போனேன். மதுரை வண்டி அங்கேதான். சூளகிரி வருவதற்குள் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தேன். சூளகிரி வந்தது. ஆட்கள் ஏறினார்கள், கோழிக்கூடை ஒன்று ஏறியது. சரி, குருபரப்பள்ளி. அங்கே வண்டி நின்றபோது அவன் இடது கையால் வேர்க்கடலை வாங்கி, உரிக்க முடியாமல் என் மடியில் வைத்தான். நான் உரித்து உரித்துக் கொடுத்தேன். வாய் நிறையச் சொல் இருந்தது. கடலைத் தோலை ஊதிக்கொண்டே கிருஷ்ணகிரி வந்துவிட்டது.

மதுரை வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். நான் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வெயில் ஏறியிருந்தது. என் உள்ளங்கை சில்லென்றிருந்தது.

"தம்பி, அந்தச் சாம்பக் கலர் ஸ்வெட்டரு..."

"அத விடுக்கா," என்றான். "எடுத்தவன் யாரோ, அவனும் குளிர்ல கெடந்தவனாத்தான் இருப்பான். அவன வையாத."

டிரைவர் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். வண்டி உறுமியது. ஜன்னல் நகரும்போது கூடவே நான்கு எட்டு நடந்தேன். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாம் வாயில் வந்தது.

"இட்லிப் பொட்டலத்த மத்தியானத்துக்குள்ள பிரிச்சுச் சாப்பிட்ரு. தேங்காச் சட்னி, ஊசிப்போயிரும்."