ஓரத்தில் நின்ற அண்ணி

கல்யாண போட்டோ எடுப்பதில் அம்பத்தூர் வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் சொன்னால் அது தற்பெருமை இல்லை, தகவல். அப்படிப்பட்டவனோடு சொந்த அண்ணி ஒரு வாரமாகப் பேசவில்லை. காரணம், என் தம்பி கல்யாணத்தில் நான் எடுத்த குரூப் போட்டோ.

மேனாம்பேட்டில் எங்கள் மாதா கோயில் சின்னது. பீடத்துக்கு முன்னால் சொந்தபந்தம் நாற்பது பேர். பின்னால் நகர இடமில்லாததால் வைட் லென்ஸ் போட்டேன். அந்த லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்கள் ஒரு சுற்று பருத்துத் தெரிவார்கள். அதனால் ஒல்லியானவர்களாகப் பார்த்து ஓரத்தில் நிறுத்துவது எனக்குக் கைவந்த கலை. எங்கள் வீட்டில் அண்ணியைவிட ஒல்லி யார்? "அண்ணி, நீங்க அந்த ஓரமா போங்க" என்றேன். போனார்.

ஆல்பம் வந்தது. அண்ணி குரூப் போட்டோ இருந்த பக்கத்தைப் பார்த்தார், மூடி வைத்தார். அன்றிலிருந்து "சாப்ட வா தம்பி" என்ற ஒரு வார்த்தைகூட இல்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். அம்மாவுக்குச் சர்க்கரை ஊசி போடுவதிலிருந்து என் சட்டைக்குப் பட்டன் தைப்பது வரை எங்கள் வீட்டில் எல்லாம் அவர்தான். அவர் பேசாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குண்டாகத் தெரிவதுதான் கோபம் என்று நானே முடிவு கட்டினேன். அதில் என் தப்பும் இருந்தது. கோயில் தூண்கள் வளைந்து தெரிந்ததால் கம்ப்யூட்டரில் லென்ஸ் கரெக்‌ஷன் போட்டிருந்தேன். தூண் நிமிர்ந்தது, ஓரத்து முகங்கள் இன்னும் அகலமாக இழுபட்டுவிட்டன. இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன். தூண் வளைந்தால் வளையட்டும் என்று கரெக்‌ஷனைப் பாதியாகக் குறைத்தேன். அண்ணியின் கன்னம், தோள், கை என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, ஒரு மணி நேரத்தில் அசல் அண்ணியைக் கொண்டுவந்துவிட்டேன்.

கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்க அண்ணி, எல்லாம் லென்ஸ் பண்ண வேல. இப்ப கரெக்டா கீறீங்களா?"

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். "குண்டா கீறேன்னா கோச்சுக்கினேன்? நான் இன்னா சின்னப் பொண்ணா? இந்த ஊட்டுக்கு மூத்த மருமவ நானு. உங்கம்மா பக்கத்துல நிக்க வேண்டியவ. தூரத்து சொந்தமெல்லாம் நடுவுல நிக்குது, என்னைய ஓரமா போன்னு தள்ளிட்டே."

"இல்ல அண்ணி, நீங்க ஒல்லியா கீறீங்க, அதான்..."

"நீ சொன்னதுகூட பரவால்ல தம்பி. வேலை மும்முரத்துல சொல்லிட்டே. 'அவ இங்க நிக்கட்டும்'னு உங்கம்மா ஒரு வார்த்த சொல்லுவாங்கன்னு பாத்துக்கினே போனேன்."

"கட் பண்ணி நடுவுல வெச்சுடறேன் அண்ணி, ரெண்டு நிமிஷ வேல" என்று உளறினேன். அவர் சமையலறைக்குப் போய்விட்டார்.

திரையில் படத்தைப் பெரிதாக்கினேன். மற்ற எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அண்ணி மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் அந்த முகத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், அந்தக் கண் எங்கே பார்க்கிறது என்று கவனிக்கவேயில்லை. சீ என்றாகிவிட்டது எனக்கு.

அம்மாவை அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். "அண்ணி யாரைப் பாக்கறாங்க, பாரும்மா" என்றேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து சமையலறைக்கு, அண்ணியிடம் போனார்.