அரக்கு நிறக் கரடி

உமாபதிக்கு நீங்கள் எத்தனை முறை போன் செய்து “நெட் வரலை” என்று கத்தினாலும், “வந்துக்கினே இருக்கேன்பா, வழியிலதான்” என்பான். எந்த வழி என்று மட்டும் கேட்கக் கூடாது. ஆனால் சின்ன வயதில் பார்த்த ஒரு பொம்மைப் படம், பேர் தெரியவில்லை, ஒரு காக்கா குடை பிடித்துக்கொண்டு போகும் என்று யாராவது ஆரம்பித்தால் போதும். கம்பத்தில் ஏறியிருந்தாலும் இறங்கி வந்துவிடுவான். பெரிய காஞ்சிபுரத்தில் பாதி வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிற ஆள் இப்படி இருந்தால் தொழில் உருப்படுமா? உருப்பட்டுத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

அவன் ஆபீசுக்கு அடுத்த கடை என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் பிரிண்ட். நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். ஆகவே அவனைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு, அதை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டதும் உமாபதி, கைலாசம் என்கிற கேபிள்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தான். மொட்டை மாடிக்கு மாடி ஒயர் இழுப்பான், வீட்டுக்குள் போய் டிவியில் மாட்டிக் கொடுப்பான். கைலாசம் சாயங்கால நேரத்தில் தன் சொந்தச் சேனலில் பொம்மைப் படம் ஓட்டுவார். எல்லாம் பர்மா பஜாரில் வாங்கி வந்த கேசட்டுகள். எந்த நாட்டுப் படம், என்ன பாஷை என்று அவருக்கே தெரியாது. தலைப்பு போன பிறகுதான் போடுவார், முடிவதற்குள் சேலைக் கடை விளம்பரம் வந்துவிடும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நினைவிருப்பது தலையும் வாலும் இல்லாத நடுத்துண்டுதான்.

தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த நடுத்துண்டும் முழுசாகக் கிடைக்கவில்லை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறமாக நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒரு பக்கக் கரையைக் கோத்துக் கொடுக்க, நெய்கிறவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா போட வேண்டும். பெரும்பாலும் அந்த இன்னொரு ஆள் வீட்டுப் பிள்ளைதான். ஒரு முறை நாடாவை எறிந்துவிட்டு நிமிர்ந்து டிவியைப் பார்க்கலாம். அடுத்த முறை வருவதற்குள் குனிந்துவிட வேண்டும். இப்படிப் பார்த்த படத்தை முப்பது வருஷம் கழித்து வந்து பேர் கேட்டால் எந்தப் புண்ணியவான் சொல்வான்? உமாபதி சொல்வான்.

அவன் கதையைக் கேட்கவே மாட்டான். “எந்த வீடுப்பா? டிவி எங்க இருந்துது? நீ எங்க குந்திக்கினு பாத்த?” என்று கேட்பான். அந்த வீட்டுக்குள் ஒயர் இழுத்தவன் அவன்தானே. பேங்கில் வேலை பார்க்கிற அபிநயா ஒருநாள் வந்து, தலையே இல்லாத ஆட்கள் நடமாடும் ஒரு படத்தைப் பார்த்துச் சின்ன வயதில் காய்ச்சலே வந்துவிட்டது, அது என்ன படம் என்று கேட்டாள். உமாபதி கண்ணை மூடி யோசித்தான். “தலை எல்லாருக்கும் இருந்துதும்மா. உங்க வீட்டுத் தறி மரம் டிவியோட மேல்பாதியை மறைச்சிக்கினு இருந்துது” என்றான். படத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தான். தலையோடு பார்த்தபோது அது பயங்கரமான சிரிப்புப் படம். அந்தப் பெண் என் கடையில் நின்று சிரித்த சிரிப்பில் லேமினேஷனுக்கு வந்தவர்கள் எல்லாம் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

போன ஆவணியில் வீரபத்திரன் வந்தான். ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ் ஓட்டுகிறவன். இப்படிக் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே வருவார்கள். இவன் சிரிக்கவில்லை.

“ஒரு கரடிணா. முதுகுல கதவைத் தூக்கிக்கினு போவும். வெறும் கதவு, வீடு கிடையாது. அரக்குக் கலர் கரடி. கழுத்துல மாம்பழக் கலர்ல துண்டு.”

“அவசரமா?” என்றான் உமாபதி.

வீரபத்திரனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அவன் அக்கா சங்கரி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஒன்பது வயதுப் பெண். போட்டோ எதுவும் கிடையாது. அவளைப் பற்றி அவனுக்கு நினைவில் இருப்பது ஒன்றே ஒன்று. அப்பா நெய்துகொண்டிருக்கிறார், பக்கத்தில் அக்கா நாடா போடுகிறாள், அவள் மேல் சாய்ந்துகொண்டு இவன் அந்தக் கரடியைப் பார்க்கிறான். அக்கா சிரிக்கிறாள். எதற்கென்று தெரியாது, அவள் குலுங்கியதில் இவனும் குலுங்கியது மட்டும் தெரியும்.

“போன வாரம் அக்காவுக்குத் திதி. அப்ப இதைச் சொன்னேன். அண்ணன், அது நீயா கட்டிக்கினதுடா, நம்ம வீட்டுக்குக் கலர் டிவி வந்ததே அவ போனப்புறந்தான், நீ கலர் கலரா சொல்ற, அப்ப அவ எங்கடா இருந்தான்னு கேக்கறான். அண்ணன் பெரியவன், அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது. எனக்கு இது ஒண்ணுதாணா இருக்குது. அவளோட பாத்தனா இல்லியான்னு மட்டும் தெரியணும். இல்லைன்னா இல்லைன்னே சொல்லிடுங்க.”

உமாபதி வழக்கம்போல் கண்ணை மூடினான். அந்த வீடு அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. தறிக்கு வலது பக்கம், மரப் பெட்டி மேல் சின்ன டிவி. கனெக்‌ஷன் கொடுத்தவன் அவன்தான்.

“அண்ணன் சொல்றது சரிதாம்பா. அப்ப உங்க வீட்ல இருந்தது கருப்பு வெள்ளை டிவி. கலர் வந்தது ரொம்ப நாள் கழிச்சு.”

வீரபத்திரன் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. உள்ளதைச் சொல்வதற்கும் ஒரு நேரம் காலம் இல்லையா?

ஆனால் உமாபதி அதோடு விடவில்லை. உலகத்தில் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து இதே வேலையாக இருக்கிற ஒரு குழு இன்டர்நெட்டில் இருக்கிறது. மறந்துபோன பொம்மைப் படங்களைத் தேடுகிறவர்கள். அதில் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் எழுதிப் போட்டான்: அரக்குச் சிவப்பில் ஒரு கரடி, மஞ்சள் துண்டு, முதுகில் கதவு. எந்தெந்தக் கரடியோ வந்தது. ஒன்றும் இது இல்லை. வீரபத்திரனுக்கு ஒவ்வொன்றாக அனுப்புவான், அவனும் “இல்லணா” என்று ஒரு வார்த்தையில் பதில் போடுவான். உமாபதிக்குச் சோறு இறங்கவில்லை. வாடிக்கையாளர்கள் என் கடைக்கு வந்து அவனைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

“டேய், அக்கா இருக்கறப்ப ஓடின படந்தான்னு சொல்லிட்டுப் போயேன். யாருக்கு இன்னா நஷ்டம்? அவன் நிம்மதியா பஸ் ஓட்டுவான்” என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. “பழனி, அவங்கிட்ட அந்தப் பொண்ணைப் பத்தி இருக்கறதே அது ஒண்ணுதான். அதுல போயி நான் பொய்யைக் கலக்கச் சொல்றியா?” என்றான். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. சரியாகத்தான் அடித்தான்.

சமாதானம் செய்ய டீ வாங்கிக் கொடுத்தேன். சும்மா இருக்க முடியாமல் வாயையும் கொடுத்தேன். “உடம்பு அரக்கு, கரை மாம்பழம்னா எந்த ஊர்க் கரடிடா அது? நம்ம காந்தி ரோட்டுக் கடையில பட்டுப்புடவை எடுத்துக் கட்டிக்கினு வந்துதா?”

கிண்டலுக்குத்தான் சொன்னேன். உமாபதி டீ கிளாசைக் கீழே வைத்தான். “இன்னா சொன்ன?” என்றான். நான் திரும்பச் சொல்வதற்குள் எழுந்து தன் ஆபீசுக்குள் ஓடிவிட்டான். டீ அப்படியே ஆறிப்போனது.

குழுவில் முன்பு எழுதியதை அழித்துவிட்டு நிறத்தைச் சொல்லாமல் மறுபடி எழுதினான். கதவைச் சுமக்கும் கரடி, அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில், எப்போதும் பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு டீச்சரம்மா பதில் போட்டிருந்தார். நானும் சின்னப் பிள்ளையில் பார்த்தேன் என்று சொல்லிப் படத்தையே அனுப்பியிருந்தார். கரடி நல்ல நீல நிறம். கழுத்தில் சிவப்புத் துண்டு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீரபத்திரன் வீட்டுக்குப் போனான். நானும் போனேன். கரடிக்குப் புடவை கட்டிவிட்டது நான்தானே, எனக்கும் பங்கு உண்டு. வீட்டில் அண்ணன் மாணிக்கவேல் இருந்தார். அம்மா தில்லையம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து ராட்டினத்தில் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கிற நூல், சுற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததற்காகக் கையை நிறுத்தவில்லை.

படத்தைப் போட்டதும் வீரபத்திரன் “இதுதான்” என்றான். உடனே அவன் முகம் மாறியது. “ஆனா கலரு...”

“நீலமா இருக்குதே” என்றார் மாணிக்கவேல். “நீ சொன்னது அரக்குடா. நான் சொல்லலை? உமாபதி, இவன் ஒண்ணோட ஒண்ணு குழப்பிக்கினு இருக்கான், சின்னப் பையன் அப்ப.” அவர் தம்பியை மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை. தங்கை செத்த வீட்டில் மூத்த பிள்ளையாக நின்றவர். இல்லாததை இருந்ததாக நினைத்துத் தம்பி ஏங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

“மாணிக்கம், கலர் டிவியில பாத்திருந்தா இவன் நீலக் கரடின்னு சொல்லியிருப்பான்” என்றான் உமாபதி. “கருப்பு வெள்ளையில பாத்தா கரடிக்கு இன்னா கலரு? கண்ணு முன்னாடி எது இருந்துதோ அதை எடுத்துப் பூசிக்கினான். அவன் கண்ணு முன்னாடி இருந்தது தறி. உடம்புக்கு உடம்புக் கலரு, துண்டுக்குக் கரைக் கலரு. அப்ப உங்க தறியில இன்னா சேலை ஓடிக்கினு இருந்துது?”

மாணிக்கவேல் யோசித்தார். ராட்டினம் நின்றது.

“அரக்கு உடம்பு. மாம்பழக் கரை” என்றார் தில்லையம்மாள். “சேலை பாதி ஓடறப்ப பொண்ணு படுத்தா. முடியறதுக்குள்ள போயிட்டா. அப்புறம் உங்கப்பா அந்தக் கலரு ஜோடியைத் தறியில ஏத்தவே இல்லை. முதலாளி குடுத்தாலும் வேற குடுங்கன்னு வாங்கிக்கினு வந்துடுவாரு.”

உமாபதியைப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்கிற பெருமை அவன் முகத்தில் துளியும் இல்லை. பயந்தவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எத்தனையோ வருஷமாக அவனைத் தெரியும். அன்றைக்குத்தான் அவன் எவ்வளவு பெரிய மனுஷன் என்று எனக்கு உறைத்தது. வீரபத்திரன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, “பாத்தேன். அவளோடதான் பாத்தேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மாணிக்கவேல் அவன் முதுகில் கை வைத்தார்.

“எங்க, நான் பாக்கறேன்” என்று தில்லையம்மாள் எழுந்து வந்தார். அவர் அந்தப் படத்தை அதுவரை பார்த்ததே இல்லையாம். அப்போதெல்லாம் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தார் சுற்றுவாராம். உமாபதி முதலிலிருந்து போட்டான்.

கரடி கதவைச் சுமந்துகொண்டு வெட்டவெளியில் போகிறது. நடுவில் நிறுத்திக் கதவை நட்டு வைக்கிறது. பிறகு துண்டை எடுத்துக் காலை ஒவ்வொன்றாக அழுந்தத் துடைக்கிறது. கதவைத் திறந்து அந்தப் பக்கம் போகிறது. அந்தப் பக்கமும் அதே மண்தான். மறுபடி கதவைத் தூக்குகிறது, மறுபடி நடுகிறது, மறுபடி காலைத் துடைக்கிறது.

“இன்னா பண்ணுது அது?” என்றார் தில்லையம்மாள்.

“காலைத் துடைக்குதும்மா. உள்ள போறதுக்கு முன்னாடி” என்றான் வீரபத்திரன்.

எந்தத் தறி வீட்டிலும் அதுதான் முதல் சட்டம். வெறும் காலில் தெருவெல்லாம் சுற்றிவிட்டு வந்து பிள்ளைகள் பட்டில் மிதித்துவிடும் என்கிற பயம். தில்லையம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“நாள் முச்சூடும் புள்ளைங்களை இதுக்குத்தான் கத்திக்கினு இருப்பேன். காலைத் தொடைச்சியாடி, காலைத் தொடைச்சியாடின்னு. சங்கரி டிவியைப் பாத்துப் பாத்துச் சிரிப்பா. எதுக்குடி பல்லைக் காட்டற, கையைப் பாருன்னு அதட்டுவேன். ஒருநாள்கூட திரும்பி எதுக்குன்னு பாக்கலை.” அவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். “என்னை நெனச்சித்தாண்டா சிரிச்சிருக்கா, கழுதை.”

மாணிக்கவேல் எழுந்து பின்பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னொரு தபா போடு உமாபதி” என்றார்.