எந்த வீடு என்று கேட்டார்கள்

கேரள எல்லைக்குள், வேலந்தாவளத்தை அடுத்த எங்கள் ஊரில் நானும் கணவரும் வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுத்துவருகிறோம். போன கோடையில் ஒரு காலை ஓர் அதிகாரி கடைக்கு வந்தார். குழாயில் தண்ணீர் வராமல் ஊரே அல்லாடியபோது, ஒரு கம்பெனிக்கு மட்டும் லாரி லாரியாகத் தண்ணீர் போவதை யாரோ முகம் காட்டாமல் வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அது எங்கள் இணைப்பிலிருந்துதான் போயிருக்கிறது, எந்த வீடு என்று மட்டும் சொன்னால் போதும் என்றார்.

எழுத்தில் உத்தரவு கொடுங்கள், தருகிறோம் என்றேன். சட்டம் அப்படித்தான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு மலையாளத்தில், சிரித்த முகத்தோடு, கடிதம் என்று போனால் எல்லோருக்கும் சிரமம், உங்கள் கேபிள் போகிற கம்பங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டிவரும் என்றார். அவர் போனபின், குடித்துவைத்த டீ கிளாஸை எடுத்துக் கழுவி வைத்தேன்.

இணைப்புப் பதிவைப் பார்த்திருந்ததால் எந்த வீடு என்று எனக்குத் தெரியும். மளிகைக்கடை பாயின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்.

சந்தை நாளன்று ஜீப்பில் ஆட்கள் வந்து, மாட்டு வண்டிகள் நிற்கிற சாலையோரக் கம்பங்களிலிருந்து எங்கள் கேபிளை அறுத்துப் போட்டார்கள். பாதி ஊருக்கு இணைப்பு போனது.

"சொல்லீரலாம் அம்மணி," என்றார் கணவர்.

"அவங்க ஊட்லயும் பொட்டப்புள்ளைக இருக்குதுங்க."

"நம்ம ஊட்லயும்தான் இருக்குது."

அக்காவிடமே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் அளந்துகொண்டிருந்த அரிசியை மூட்டைக்குள்ளேயே திரும்பக் கொட்டினார்.

"நானே போய்ச் சொல்லீர்றேன். நீ சொல்லி அவங்க வந்தா, ஊட்டுக்குள்ள வருவாங்க," என்றார்.

மறுநாள் பாயோடு அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனார். வீடியோவை அழிக்கவைத்து, மன்னிப்பு எழுதி வாங்கிக்கொண்டு, சாயங்காலம்தான் அனுப்பினார்கள். அக்கா அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. எங்கள் இணைப்பை மட்டும் வேண்டாம் என்று துண்டித்துக்கொண்டார்.

எழுத்தில் உத்தரவு கடைசிவரை வரவில்லை. கேபிளை மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று அந்த அதிகாரியே போனில் சொன்னார். இனி யாராவது இப்படி வீடியோ போடுவது கண்ணில் பட்டால், அவர் கேட்கும் முன்பே தெரிவிக்க வேண்டுமாம். சரிங்க சார் என்று என் வாய் சொல்லிவிட்டது. கணவர் என்னைப் பார்த்தார். கேபிள் கட்ட ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.